கோழிப் பண்ணையில் அலறக் கூடாது

கதாநாயகி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அவளுக்குப் பின்னால் செத்துப்போன ஏட்டு லத்தியை ஓங்கினார். அவர் வாயும் அசைந்தது, அதிலும் சத்தம் இல்லை. பிறகு அவள் சத்தமில்லாமல் விழுந்து சத்தமில்லாமல் செத்தாள்.

அதில் குறை ஒன்றுமில்லை. சத்தம் சேர்ப்பதுதான் ஜூட்டின் வேலை. அவனுக்கு எரிச்சல் மூட்டியது அந்த வாய். படத்தை நிறுத்தி, முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். உதடுகள் குவிந்திருந்தன.

"என்னடா இது? டீய ஊதிக் குடிக்கிறாளா?"

இயக்குநர் இனியன் பக்கத்து நாற்காலியில் இருந்தான். ஆத்தூர்க்காரன். கல்லூரியில் ஜூட்டுக்கு வகுப்புத் தோழன்.

"கத்துறாடா."

"கத்துறவ 'ஆ'ன்னு தெறப்பா. இவ குவிச்சிருக்கா."

"'ஊ'ன்னு கத்துறா." இனியன் இதைச் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

ஜூட் அடுத்த கொலையைப் போட்டான். மணல் லாரிக்காரனின் மனைவி. குவிந்த வாய். அதற்கடுத்து ஒரு கல்லூரி மாணவி. குவிந்த வாய். படம் முழுக்கப் பெண்கள் எதையோ ஊதி ஆற்றிக்கொண்டே செத்தார்கள்.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"ஜெனிட்டா கத்தினதா?"

"டேய், கோவப்படாமக் கேளு."

"அவளோடதுதானே?"

"தயாரிப்பாளர் மொதல் நாளே சொல்லிட்டாரு. அந்தக் கத்தல்தான் ராசியாம். நீ ஒத்துக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். அதான்..."

"அதான் எல்லார் வாயையும் குவிச்சு எடுத்து முடிச்சுட்டு இப்ப சொல்ற."

வெளியே தீவன வண்டி ஒன்று மெதுவாக, மிக மெதுவாகப் போனது. அந்தக் கோழிப் பண்ணையில் வண்டிகள்கூட அடக்கி வாசித்தன.

படத்தின் பெயர் 'செத்த ஏட்டு'. இது இரண்டாம் பாகம். மணல் திருடர்கள் காவிரியில் முக்கிக் கொன்ற ஓர் ஏட்டு, காக்கிச் சட்டையோடு எழுந்து வந்து, சம்பந்தப்பட்டவர்களையும் கொஞ்சம் சம்பந்தப்படாதவர்களையும் தீர்த்துக்கட்டும் கதை. முதல் பாகத்தை யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை, எடுத்தவர்கள் உட்பட. ஆனால் அது செல்போன் செல்போனாகப் பரவியது. அதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன.

ஒன்று, ஏட்டாக நடித்த அங்கமுத்து. ராசிபுரம் பக்கம் அறுவடை மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர். முகத்தைப் பார்த்தால் குழந்தை அழும். வாயைத் திறந்தால் அழுகை நின்றுவிடும். 'ங்க' போடாமல் அவருக்குப் பேச வராது. "நில்லுடா!" என்று எழுதிக் கொடுத்தால், லத்தியை ஓங்கிக்கொண்டு, "செத்த நில்லுங்க சாமி" என்பார். கொஞ்சம் நில்லுங்கள் என்றுதான் அர்த்தம். செத்தவர் வாயில் வந்ததால் ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. கல்யாண வீட்டுப் பந்தியில்கூடச் சொன்னார்கள்.

இன்னொன்று, அந்த அலறல். எல்லாப் படத்திலும் பெண்கள் 'ஆ' என்று அலறுவார்கள். இதில் ஒரு பெண் 'ஊ' என்று அலறினாள். என்ன காரணம் என்று யாருக்கும் புரியவில்லை. அதனாலேயே கேட்டவர்களுக்கு முதுகு சில்லிட்டது.

அலறியவள் ஜூட்டின் மனைவி ஜெனிட்டா. நடிகை இல்லை, வேதியியல் டீச்சர். முதல் பாகத்தில் நடித்த பெண்ணுக்கு அலற வரவில்லை, வேறு ஆளைக் கூப்பிட வசதியும் இல்லை. அரிசிப்பாளையத்து வாடகை வீட்டுச் சமையலறையில் வைத்துப் பதிவு செய்தான். போன தவக்காலத்தில் ஜெனிட்டா இறந்துபோனாள். அதற்குப் பிறகு அவன் அந்தப் பதிவைத் திறக்கவில்லை.

"ஒரு விதத்துல இது அஞ்சலி மாதிரிடா. அவங்க குரல் வாழும்" என்றான் இனியன்.

"எங்கடா வாழுது? சீனுக்கு ஒரு தடவ சாகுது. நீதானே எடுத்திருக்க."

"சரி, சார்கிட்ட நீயே சொல்லு. அது உன் சம்சாரம், இப்ப இல்லன்னு சொன்னா அவரு கேப்பாரு."

அதைத்தான் ஜூட் சொல்ல விரும்பவில்லை. சொன்னால் எதிரில் இருப்பவர் முகத்தை மாற்றிக்கொள்வார். எப்போ, எப்படி, என்ன வயசு, குழந்தை இருக்கா என்று வரிசையாகக் கேட்பார். கடைசியில் இவன்தான் அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். இந்த ஒரு வருடத்தில் அது அவனுக்கு அலுத்துவிட்டது.

"வேற கத்தல் கொண்டுவந்தா போதுமா?"

"'ஊ'ன்னு இருக்கணும். எல்லா வாயும் குவிஞ்சு கெடக்கு. சாயங்காலம் ட்ரெய்லர் போகணும். அதுக்குள்ள கொண்டாந்தா நான் சார்கிட்டப் பேசறேன். இல்லன்னா பழசுதான். என் கையில ஒண்ணும் இல்ல."

ஜூட் மைக்கை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

பண்ணைக்குள் அலற முடியாது. அது தயாரிப்பாளர் சிவக்குமார் போட்ட முதல் சட்டம். சேந்தமங்கலம் சாலையில் அவருக்கு வரிசையாகக் கோழி ஷெட்டுகள். பழைய கோழிகளை விற்று, புதிய குஞ்சுகள் இறக்காத ஒரு ஷெட் காலியாகக் கிடந்தது. செலவில்லாமல் கிடைத்ததால் அதுவே காவல் நிலையம், அதுவே மார்ச்சுவரி, அதுவே கதாநாயகியின் படுக்கையறை. ஆனால் பக்கத்து ஷெட் நிறைய முட்டைக் கோழிகள். "கோழி மெரண்டுச்சுன்னா முட்டை உடாதுங்க. கொலை எத்தன வேணா பண்ணிக்கங்க, சத்தம் மட்டும் ஆகாது" என்று சொல்லிவிட்டார். ஆகவே பேய்ப் படம் ஒன்று கிசுகிசுப்பாகவே எடுக்கப்பட்டது. இனியன் 'ஆக்‌ஷன்' சொல்வதற்குப் பதில் கைக்குட்டையைக் கீழே போட்டான். செத்தவர்கள் விழுவதற்குத் தீவனச் சாக்கு விரித்தார்கள். கதவு சாத்தும் சத்தம், காலடிச் சத்தம், ஏட்டின் பேச்சு எல்லாவற்றையும் ஜூட்தான் பிறகு வேறு இடத்தில் பதிந்து வைத்திருந்தான்.

இப்போது அலறுவதற்காக அவர்கள் மோகனூருக்குப் போனார்கள். காரை அங்கமுத்து ஓட்டினார். மாலையில் அவருக்கு ஒரு காட்சி பாக்கி இருந்ததால் வேஷத்தைக் கலைக்கவில்லை. சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயம் கலந்து செய்த ரத்தம் நெற்றியிலிருந்து காலர் வரை வழிந்திருந்தது. எறும்புகள் அதைக் கண்டுபிடித்துவிட்டன. ஒரு கையால் ஸ்டீயரிங், ஒரு கையால் எறும்பு.

பின்சீட்டில் கதாநாயகி. அவளுக்குப் பக்கத்தில் மஞ்சுளா. பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறவள், முப்பது வயது இருக்கும். தறி நிற்கும் நாட்களில் இந்தப் படத்தில் பிணமாக நடிக்க வருவாள். மூச்சடக்குவதில் அவளுக்கு இணை இல்லை. ஊருக்குப் பஸ் கிடைக்கும் இடத்தில் இறக்கிவிடச் சொல்லி ஏறியவள், அலறப் போகிறார்கள் என்று கேட்டதும் இறங்க மறுத்துவிட்டாள்.

வாழைத் தோப்பைத் தாண்டி, ஆற்றோரம் நிறுத்தினார்கள். ஜூட் மைக்கை மாட்டினான்.

கதாநாயகி 'ஊ' என்றாள். குக்கர் விசில் மாதிரி வந்தது. இன்னொரு முறை சொன்னாள். ரயில் மாதிரி வந்தது.

"பயந்து சொல்லுங்க மேடம்."

"எப்படி சார் பயப்படறது? இவரு இப்பத்தான் எனக்கு இளநி வெட்டிக் கொடுத்தாரு." அவள் செத்த ஏட்டைக் காட்டினாள்.

"செரீங்க, நான் வேணா மொறச்சுப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டார் அங்கமுத்து.

"தொண்ட வலிக்குது சார். வாயத் தெறந்தாப் போதும், சத்தம் நீங்க போட்டுக்குவீங்கன்னுதான் சொன்னாங்க." அவள் போய்க் காரில் ஏறி ஏசியைப் போட்டுக்கொண்டாள்.

"நான் கத்தட்டுங்களாண்ணா?" என்றாள் மஞ்சுளா. பதிலுக்குக் காத்திருக்காமல் கத்தினாள். 'ஆ' என்று.

தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. தோப்பு முழுக்க அதிர்ந்தது. ஜூட் அவசரமாகச் சத்த அளவைக் குறைத்தான். அவன் நிமிர்ந்தபோது வாழைகளுக்கு நடுவிலிருந்து நாலைந்து பேர் அரிவாளோடு ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

"எவன்டா அவன்? யாரு மேல கைய வெச்சான்?"

முன்னால் வந்தவர் ரத்தம் வழிய நின்ற ஏட்டைப் பார்த்து அப்படியே நின்றார். அரிவாள் தாழ்ந்தது. அங்கமுத்து கும்பிட்டார். "ஒண்ணுமில்லீங்க சாமி. சினிமாங்க. நீங்க போய் வேலையப் பாருங்க."

அந்த 'ங்க'வே போதுமாக இருந்தது.

"அட, நம்ம செத்த ஏட்டு!" என்றான் பின்னால் வந்தவன். "ஏட்டய்யா, அதச் சொல்லுங்க ஒருக்கா!"

"எதச் சொல்றதுங்க?"

"செத்த நில்லுங்க!"

அதற்குப் பிறகு ஆளாளுக்குப் படம் எடுத்துக்கொண்டார்கள். அங்கமுத்து ஒவ்வொருவர் தோளிலும் கை போட்டு, லத்தியை ஓங்கி, கொல்வது போல நின்றார். ஒருவர் வீட்டுக்கு வீடியோ கால் போட்டு மாமியாரிடம் காட்டினார். வெயில் ஏறிக்கொண்டே போனது. ஜூட் மணலில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தான். ஓர் அலறலுக்கு இவ்வளவு பேர் ஓடி வருவார்கள் என்று தெரிந்திருந்தால் வீட்டிலேயே இருந்திருக்கலாம். இனி இவர்களை அனுப்பி, இன்னொரு முறை அலறி, அதற்கு வேறு யாராவது ஓடி வந்து...

கடைசி ஆளும் போன பிறகு எழுந்து வந்து சொன்னான். "'ஆ' வேண்டாம். 'ஊ'."

"ஏனுங்ணா, 'ஊ'ன்னு எவளாச்சும் கத்துவாளா? பயந்தா 'அய்யோ'ம்பா, 'அம்மா'ம்பா. 'ஊ'ன்னு நாய்தான் ஊளையிடும்."

"மொதல் படத்துல கத்தினாங்களே."

"அது மிஷினு சத்தமுன்னு நெனச்சேன். பொம்பளையா அது? எந்த ஊருப் பொம்பள அப்பிடிக் கத்துவா?"

ஜூட்டுக்கு விளக்கிச் சொல்லும் பொறுமை இல்லை. அதனாலேயே உண்மையைச் சொல்லிவிட்டான்.

"அது கத்தல் இல்லீங்க. பேரு."

"என்ன பேரு?"

"என் பேரு. ஜூட். அரிசி டப்பால ரப்பர் பல்லியப் போட்டு வெச்சேன். கையில எடுத்துட்டு என்னக் கூப்பிட்டா. முன்னாடியும் பின்னாடியும் வெட்டிட்டு நடுவுல இருந்த 'ஊ'வ மட்டும் படத்துல போட்டேன்."

மஞ்சுளா அவன் பக்கம் திரும்பினாள். "உங்க ஊட்டுக்காரம்மாவா?"

"ஆமா."

"பேரு சொல்லியா கூப்புடும்?"

"ஆமா."

"அடேங்கப்பா." அவள் அங்கமுத்துவைப் பார்த்துச் சிரித்தாள். "அவிங்களையே கூட்டியாந்து இன்னொருக்கா பல்லியக் காட்டறதுதானுங்க?"

"செத்துட்டா. போன வருஷம். இப்ப எல்லாக் கொலைக்கும் அவ கத்தினதே வேணுங்கறாங்க."

அவள் முகம் மாறுவதற்காகக் காத்திருந்தான். மாறவில்லை. "ம்" என்றாள். காலடி மணலைத் தள்ளிவிட்டாள். "அவிங்க கொரல இவிங்க வெட்டிக் கொல்றதுக்குக் கேக்கறாங்க. அதுக்குத்தான் இந்த வெயில்ல ஓடியாறீங்களா?"

"ஆமா."

"அப்ப எனக்கும் பேருதான் வேணும். 'ஊ' வர்ற பேரு."

"பூங்கொடீங்க" என்றார் அங்கமுத்து. "மூர்த்தீங்க. சூடாமணி. என்ற பெரியம்மா பேரு சூடாமணிதானுங்க."

"உங்க பெரியம்மாவ நான் எதுக்குங்க கூப்புடோணும்? நமக்கு வேண்டப்பட்ட பேரா இருக்கோணுமில்ல." மஞ்சுளா ஆற்றைப் பார்த்து நின்றாள். பிறகு, "ஒரு பேரு இருக்குது" என்றாள். "சொன்னதில்ல."

"யாரு?"

"எங்க ஊட்டுக்காரரு. திருச்செங்கோட்டு ரிக் வண்டில ஜார்க்கண்டுக்குப் போர்வெல் போடப் போனாரு. தீவாளிக்கு வாரேன்னாரு. எந்தத் தீவாளின்னு சொல்லல."

அங்கமுத்துவுக்குப் பதறியது. "கட்டுனவரு பேரச் சாமி! ஆத்தங்கரைல நின்னு கத்தறதா?"

"நீங்க செத்த சும்மா இருங்க ஏட்டய்யா. கல்யாணம் ஆனதுல இருந்து வாய்ல சொன்னதில்லீங்ணா. ரேசன் கார்டுக்குக் கேட்டப்பக்கூட, பக்கத்து ஊட்டக்காவ உட்டுத்தான் சொல்லச் சொன்னேன். மருவாதை! எனக்கு அவரு வெச்சுட்டுப் போன மருவாதைக்கு நான் வெச்ச மருவாதை." அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "மிஷின ஓட உடுங்க."

ஜூட் ஓடவிட்டான்.

"பூஊஊஊபதீ!"

ஆற்றின் மேல் அது போன தூரம் வரைக்கும் மைக்கில் கேட்டது. அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். காருக்குள் கதாநாயகி ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினாள். அங்கமுத்து எறும்பைத் தட்டுவதை நிறுத்தியிருந்தார்.

அதில் பயம் இருந்ததா என்றால், இல்லை. ஆனால் தொண்டையின் அடியிலிருந்து வந்தது. ஜூட்டுக்குப் போதும்.

"வந்துருச்சு. இது போதும்."

"இருங்ணா. இன்னொருக்கா கத்திக்கறேன். இது உங்களுக்கில்ல."

பண்ணைக்குத் திரும்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது. சிவக்குமார் ஆபீஸ் அறையில் இருந்தார். ஷெட்டை ஒட்டிய சின்ன அறை. ஜன்னலைத் திறந்தால் கூண்டுகள். இனியன் சொன்ன வாக்கைக் காப்பாற்றினான். புதிய அலறல் வந்திருக்கிறது, கேட்டுப் பாருங்கள் என்று ஹெட்போனை அவர் தலையில் மாட்டினான். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா இது பயந்தாப்புல இல்ல தம்பி, திட்டறாப்புல இருக்குது."

"கொல்றவன் மேல கோவம் வராதா சார்?" என்றான் இனியன்.

"வரும். ஆனா பழசுல ஒரு ராசி இருக்குது. அந்தக் கத்தலு வந்த பொறவுதான் முட்டை வெல ஏறுச்சு. பழசே இருந்துட்டுப் போகுது."

ஜூட் அறையின் மூலையில் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். பாதியில் நிறுத்தினான். பகல் முழுக்க எதைச் சொல்லக் கூடாது என்று ஊர் சுற்றினானோ, அது வேறு வழியில்லாமல் வாயில் வந்தது.

"சார், அது என் மனைவி கத்தினது. அவ இப்ப இல்ல. படம் முழுக்க அவள வெட்ட வேண்டாம்."

"இல்லீன்னா?"

"செத்துட்டா."

சிவக்குமார் ஹெட்போனைக் கழற்றினார். கையை வேட்டியில் துடைத்தார். எப்போ என்று கேட்டார். எப்படி என்று கேட்டார். தலை வலிக்கிறது என்றாள், மறுநாள் இல்லை என்று சொன்னான். வயது கேட்டார். குழந்தை கேட்டார். "அடடா" என்றார். எல்லாம் வழக்கமான வரிசையில் நடந்தது. அதற்குப் பிறகு வந்ததுதான் புதிது.

"அப்ப செத்தவங்க கொரலயா படத்துல வெச்சிருக்கறோம்?"

"அப்ப உயிரோட இருந்தா சார்."

"இப்ப இல்லியே! சொல்ல மாட்டீங்களா? புதுசுல வேண்டாம், எடுத்துருங்க."

கிடைத்துவிட்டது. இவ்வளவுதான். காலையிலேயே சொல்லியிருக்கலாம். ஜூட் ஒயரைப் பைக்குள் போட்டான்.

"பழசுலயும் எடுத்துருங்க" என்றார் சிவக்குமார்.

"பழசுலயா?"

"மொதப் பாகத்துல. வேற எதாச்சும் கத்தலப் போட்டு மறுபடியும் ஏத்துங்க. செத்தவங்க கொரலு ஊடு ஊடாப் போய்ட்டிருக்குது. நல்லதில்ல தம்பி. நம்ம தொழிலுக்கும் ஆகாது."

இனியன் குறுக்கே விழுந்தான். "சார், படமே செத்தவரப் பத்தினதுதானே?"

"அது கதை. அங்கமுத்து வெளிய உக்காந்து டீ குடிச்சிட்டிருக்கறான். இது நெசம்."

ஜூட் அவரைப் பார்த்தான். கெட்ட மனிதர் இல்லை. ஜெனிட்டாவுக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுக்கொண்டே அவளை எல்லா இடத்திலிருந்தும் துடைத்துவிடச் சொன்னார். அவளுடைய துணிமணி அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் வேறு டீச்சர் வந்துவிட்டாள். உலகத்தில் யாரும் கேட்கும்படி அவள் மிச்சமிருப்பது, ஒரு மட்டமான பேய்ப் படத்தில் ஒரே ஓர் 'ஊ'.

"எடுக்க மாட்டேன்."

"படம் என்னுது தம்பி."

"சத்தம் என்னோடது. புதுப் படத்துல ஒரு காலடிச் சத்தம்கூட நீங்க எடுக்கல. எல்லாம் இந்தப் பெட்டில இருக்கு. பழசுல கை வெச்சா இத எடுத்துட்டு நான் கெளம்பறேன். ஊமப் படமா ஓட்டிக்கங்க."

"ஊருல வேற ஆளா இல்ல?"

"இருக்காங்க. கூப்பிடுங்க. கதவு சாத்தறதுல இருந்து ஆரம்பிக்கட்டும்."

"என்ன தம்பி மெரட்டறீங்க? நல்லதுக்குத்தான சொல்றேன்? செத்தவங்கள நிம்மதியா உட வேண்டாமா?"

அந்த 'நிம்மதி'தான் அவனைக் கிளப்பிவிட்டது. லேப்டாப்பைத் திறந்தான். பெரிய ஸ்பீக்கரைத் தூக்கி மேசையின் மேல் வைத்து ஒயரைச் செருகினான்.

"நீங்க கேட்டது ஒரு கத்து. அதுல அவ இல்ல. முழுசாக் கேளுங்க. கேட்டுட்டு அவ நிம்மதியா இருக்காளான்னு நீங்களே சொல்லுங்க."

"தம்பீ! கோழி!" சிவக்குமார் ஜன்னலைச் சாத்தப் பாய்ந்தார்.

ஒரு நொடி யோசித்திருந்தால் ஜூட் அதை அழுத்தியிருக்க மாட்டான். அழுத்திவிட்டான்.

முதலில் குழாயில் தண்ணீர் ஓடியது. டப்பா மூடி திறக்கும் சத்தம். பிறகு, வெட்டப்படாமல், முழுதாக:

"ஜூஊஊஊட்!"

பாத்திரம் ஒன்று உருண்டது. பக்கத்து ஷெட்டில் ஆயிரக்கணக்கான இறக்கைகள் ஒரே சமயத்தில் அடித்துக்கொண்டன. தூசி எழுந்தது. சிவக்குமார் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். ஸ்பீக்கரில் ஜெனிட்டா மூச்சு வாங்கினாள்.

"அறிவிருக்கா உனக்கு? அரிசி டப்பாலயா போடுவ? இத கழுவாம எப்படி உலை வெக்கிறது? எரும. எரும மாடு. சிரிக்கிறியா? அய்யோ, மைக்க வேற வெச்சிருக்கான். கேஸ் பக்கத்துல ஒயர இழுத்து வெச்சிருக்கியே, பத்திக்கிட்டா? நான் கேட்டனா சினிமால கத்தறேன்னு? எங்கப்பா மாதா கோயில் கமிட்டில இருக்காரு, எங்க மக பேய்ப் படத்துல கத்தறான்னு சொல்லிட்டுத் திரிவாரா? பேப்பர் திருத்தணும் இன்னைக்கு. ஒரு கட்டு கெடக்கு. நீ திருத்துவியா? சோடியத்துக்கு என்ன குறியீடுன்னு தெரியுமா உனக்கு?"

இனியன் தலையைக் குனிந்துகொண்டான். வாசலில் அங்கமுத்து டீ கிளாஸோடு வந்து நின்றார். செத்த ஏட்டின் முகத்தில் ரத்தமும் அதன் மேல் ஒரு பணிவும்.

திட்டு நிற்கவில்லை. டப்பாவிலிருந்து எரிந்துபோன பல்புக்குப் போனது. பல்பிலிருந்து அவன் அம்மாவுக்குப் போன் செய்யாததற்குப் போனது. சிவக்குமார் ஜன்னலை விட்டுத் திரும்பினார். முகத்திலிருந்த கலவரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, வேறு ஏதோ வந்தது. இருப்பதிலேயே தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கேட்கிறவரின் முகம்.

"டப்பான்னா எங்கூட்லயும் இதே கதைதான்" என்றார் அங்கமுத்துவிடம், தணிந்த குரலில்.

"ஆமாங்க. தொடவே உடமாட்டாங்க."

சிவக்குமார் இன்னும் கொஞ்சம் கேட்டார். "செத்தவங்க இப்பிடித் திட்ட மாட்டாங்க" என்றார். ஜூட்டைப் பார்க்காமல், கையை மட்டும் ஆட்டினார். "பழசு அப்பிடியே கெடக்கட்டும் உடுங்க. புதுசுக்கு அந்தப் புள்ள கத்தினதப் போட்டுக்கங்க."

இனியன் ஜன்னலுக்குப் போயிருந்தான். "சார்" என்றான். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "கோழிங்க தீவனம் தின்னுது சார்."

உண்மைதான். தூசி அடங்கிவிட்டது. கூண்டுகளில் எப்போதும் போலக் கொத்திக்கொண்டிருந்தன.

"ஒரு தடவ ரெக்கய அடிச்சுது. அவ்வளவுதான். இத்தன நாளா கைக்குட்டையப் போட்டுப் போட்டுப் படம் எடுத்தேனே சார்!"

"நாளைக்கு முட்டைய எண்ணினாத்தான் தெரியும்" என்றார் சிவக்குமார் விட்டுக்கொடுக்காமல்.

ஸ்பீக்கரில் ஜெனிட்டா களைத்துப்போயிருந்தாள். "இன்னும் ஓடுதா அது? நிறுத்து. நிறுத்துன்னா நிறுத்து."

சத்தம் நின்றது. அன்றைக்கு அவன் உடனே நிறுத்தியிருந்தான்.

ஜூட் ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கினான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ட்ரெய்லரைத் திறந்தான். கதாநாயகி வாயைக் குவித்தாள். அதில் மஞ்சுளாவின் சத்தத்தை வைத்தான். கொஞ்சம் முந்தி வந்தது. பின்னுக்குத் தள்ளினான். 'பூ' உதட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. 'ஊ' லத்தி இறங்கும் வரை நீண்டது. 'பதீ' மட்டும் அவள் வாய் மூடிய பிறகு, விழும்போது கேட்டது.

இனியன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். ஒரு பக்கத்து ஹெட்போனைத் தன் காதில் வைத்துக் கேட்டான்.

"யாருடா பூபதி? கதைல அப்படி ஒருத்தனே இல்லையே. அத வெட்டிடு, 'ஊ' மட்டும் இருக்கட்டும்."

"வெட்ட மாட்டேன்."

"பாக்கறவன் கேப்பான்டா, பூபதி யாருன்னு."

"கேக்கட்டும்" என்றான் ஜூட். அடுத்த கொலையை எடுத்தான்.